டவ்டெயில் பாதியில் நின்றால்

2 அங்குலத் தேக்குப் பலகையில் பெஞ்சு செய்கிறீர்கள், டவ்டெயில் மூட்டு (ஒரு பலகை முனையில் புறாவால் போல விரியும் ‘வால்கள்’, மற்றப் பலகை முனையிலுள்ள ‘பின்கள்’ என்ற பற்களுக்கு நடுவே கோத்துக்கொள்ளும் மூட்டு) பாதி இறங்கி நிற்கிறது, தட்டினால் ஓரம் வெடிக்கிறது, சரிதானே? கொட்டாப்புளியைக் கீழே வையுங்கள். இவ்வளவு கனமான பலகையில் வாள் துளி சாய்ந்தாலும் வெட்டு உள்ளே வயிறு தள்ளிவிடும். கால் பலகையின் பின்கள் மேல் பென்சில் கரியைத் தேய்த்து, கையால் மட்டும் அழுத்திப் பார்த்துக் கழற்றுங்கள். வாலில் கரி ஒட்டிய இடத்துக்கு நேரான பின்னை மட்டும் கூரான உளியால் சீவுங்கள். வாலைத் தொட வேண்டாம். நாலைந்து தடவை ஆகும், எனக்கு ஒரு மூலைக்கே அரை நாள் போனது.

அப்புறம், வால்களை உட்காரும் பலகையில் வெட்டியது நல்லது. ஆள் உட்கார்ந்தால் மூட்டு இறுகும், கால்களும் வெளியே விரியாது. பெஞ்சு நீளவாக்கில் ஆடாமலிருக்கக் கீழே இரு கால்களையும் இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள்.