சாக்கடை என்ற சொல்

அன்புள்ள சார்,

நான் அறுவை சிகிச்சையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நேபாளத்தில் தோஷிமா கார்கி என்ற இளம் அறுவை மருத்துவர், மருத்துவத் துறைப் பிரச்சினைகளுக்காகக் குரல் கொடுத்துவந்தவர், கட்சியில் சேர்ந்து எம்.பி. ஆனார் என்று படித்தேன். ஒரு சர்ஜன் உருவாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அரசியல் சாக்கடையில் இறங்குவது நஷ்டம் இல்லையா? வெளியிலிருந்து போராடினால் போதாதா? எனக்கும் அந்த ஆசை உண்டு என்பதால் கேட்கிறேன். படிப்பை முடித்துவிட்டு யோசிக்கலாமா, இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் நேபாள மருத்துவர் கோவிந்த கே.சி.யைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாக்கடை. இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? உங்கள் வீட்டில், விடுதியில், டீக்கடையில் எல்லாரும் சொல்கிறார்கள், நீங்களும் சொல்லிவிட்டீர்கள். வெட்டிய குடலைக் கையில் பிடித்துத் தைக்கக் கற்றுக்கொள்கிற ஒருவர், சீழைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று தினமும் சொல்லிக்கொடுக்கப்படுகிற ஒருவர், சட்டம் எழுதுகிற இடத்தைச் சாக்கடை என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொள்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நோயாளியிடம் இப்படி நடந்துகொண்டால் உங்கள் பேராசிரியர் உங்களை வார்டை விட்டே துரத்துவார்.

கோவிந்த கே.சி. எலும்பு மூட்டு அறுவை மருத்துவர். காத்மாண்டு மகாராஜ்கஞ்சில் உள்ள திரிபுவன் பல்கலைக்கழக போதனா மருத்துவமனையில் பேராசிரியராக இருந்தவர். 2012இல் முதல் உண்ணாவிரதம் இருந்தார். அதற்கப்புறம் 20 தடவைக்கு மேல். கோரிக்கைகள் ஆடம்பரமானவை அல்ல. மருத்துவக் கல்லூரிகளைக் காத்மாண்டு பள்ளத்தாக்கிலேயே குவிக்காதீர்கள், மலைப்பகுதிக்கும் கொண்டுபோங்கள், கட்டணத்துக்கு வரம்பு வையுங்கள், ஏழைப் பிள்ளையும் படிக்கட்டும். மருத்துவக் கல்வியை ஆராய அரசு அமைத்த, கேதார் பக்த மாதேமா தலைமையிலான குழு இவற்றையெல்லாம் பரிந்துரையாகவே எழுதிக் கொடுத்தது. பள்ளத்தாக்கில் 10 வருடத்துக்குப் புதிய கல்லூரி கூடாது, ஒரு பல்கலைக்கழகம் 5 கல்லூரிகளுக்கு மேல் இணைப்புத் தரக்கூடாது என்றெல்லாம் தெளிவாக இருக்கிறது. காகிதத்தில் இருந்தது. அவர் சாப்பிடாமல் படுத்தால்தான் அந்தக் காகிதம் நகரும்.

2018 ஜூலையில் நான் காத்மாண்டுவில் இருந்தேன். வேறு வேலையாகப் போயிருந்தேன். அவர் தன் 15ஆவது உண்ணாவிரதத்தைத் தலைநகரில் தொடங்காமல் கர்னாலி மலையில் ஜும்லாவுக்குப் போய்த் தொடங்கியிருந்தார். ஜூலை 19 அன்று அங்கிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள், அப்போது ஜும்லாவில் போலீசுக்கும் அவருடைய ஆதரவாளர்களுக்கும் பெரிய மோதல். மகாராஜ்கஞ்சில் ஆஸ்பத்திரி வாசல் முழுக்கக் கூட்டம். சுவரோரம் பிளாஸ்டிக் விரிப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, தொடையிலிருந்து கணுக்கால்வரை மூங்கில் பத்தை வைத்துப் பழந்துணியால் சுற்றியிருந்தது. கர்னாலிப் பக்கம். மழையில் மண் சரிந்து பாதை அடைபட, நடந்தும் பஸ் மாறியும் ஆறு நாள் ஆகிவிட்டது என்றார். எனக்குத் தெரிந்த இந்தியும் அவருக்குத் தெரிந்த இந்தியும் அதுவரைக்கும் போதுமானதாக இருந்தது. எக்ஸ்ரே உறையைப் பிரித்து, படத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். தொடை எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. பிறகு மாடியைக் காட்டி, டாக்டர் சாப் எங்கள் ஊருக்காகத்தான் பட்டினி கிடக்கிறார் என்றார். கொஞ்சம் பொறுத்து, அவர் ஏன் எலெக்‌ஷனில் நிற்கவில்லை, நின்றால் நான் ஓட்டுப் போடுவேனே என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

27ஆவது நாள், ஜூலை 26 அன்று, பிரதமர் கே.பி. ஒலியின் அரசாங்கம் 9 அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அவர் உண்ணாவிரதத்தை முடித்தார். சரி, அப்புறம்? 2019 ஜனவரியில் அவர் கிழக்கே இலாமில் மறுபடியும் உண்ணாவிரதம் தொடங்க வேண்டியிருந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, எதிர்க்கட்சியின் கூச்சலுக்கு நடுவில், பிரதிநிதிகள் சபை மருத்துவக் கல்வி மசோதாவை நிறைவேற்றியது. ஒப்பந்தத்தில் சொன்னபடி இல்லை என்று அவர் பட்டினியோடு சொல்லிக்கொண்டிருந்தார். முகிலன், இதை இரண்டு தடவை படியுங்கள். 27 நாள் வயிறு காய்ந்து வாங்கிய தாளை, உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கி மாற்றிவிட்டார்கள். அவருக்காகப் பேசியவர்கள் உள்ளேயும் இருந்தார்கள்தான், எண்ணிக்கை போதவில்லை. வெளியிலிருந்து போராடினால் போதாதா என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட விளக்கமாக என்னால் சொல்ல முடியாது. அந்த மனிதரைக் கும்பிடுகிறேன். அவர் இல்லாவிட்டால் ஜும்லாவில் டாக்டர் படிப்பு வேண்டும் என்று காத்மாண்டுவில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் உண்ணாவிரதம் என்பது பேனாவைக் கையில் வைத்திருப்பவரின் மனசாட்சியிடம் மன்றாடுவது. அந்த மனசாட்சி இருக்குமா என்பதை அவர் ஒவ்வொரு தடவையும் தன் உடம்பை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஒரு சமூகம் தன் நல்ல மருத்துவர் ஒருவரை 20 தடவை பட்டினி போட்டுவிட்டு, இன்னொருவர் தேர்தலில் நின்றால் மட்டும் ஐயோ நஷ்டம் என்று சொன்னால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தோஷிமா கார்கி 2022 நவம்பர் 20 தேர்தலில் லலித்பூர் 3ஆம் தொகுதியில் ஜெயித்தார். அப்போது எரிசக்தி அமைச்சராக இருந்த பம்பா புசாலும் அங்கேதான் நின்று தோற்றார். அவர் சேர்ந்திருந்த, தொடங்கிச் சில மாதமே ஆன ராஷ்ட்ரிய ஸ்வதந்திர கட்சிக்கு அந்தத் தேர்தலில் 275இல் 20 இடம். 2023 ஜனவரியில் கார்கி சுகாதார இணையமைச்சர் ஆனார், மூன்று வாரம் முடிவதற்குள் அந்தப் பதவி போய்விட்டது, ஏனென்றால் கட்சித் தலைவர் ரவி லாமிச்சானேவுக்கு உள்துறையைத் திருப்பித் தரவில்லை என்று கட்சியே அமைச்சரவையை விட்டு வெளியேறியது. இது எனக்கு வருத்தம்தான். ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைச் சரியாகச் சுற்றிப் பார்க்கக்கூட அந்த நாட்கள் போதாது. தலைவரின் பதவிக்காக சுகாதாரத் துறை நின்றுபோகிறது என்றால், நல்லவர் உள்ளே போனால் மட்டும் போதாது என்பதும் உண்மை. அதற்காக அவர் போயிருக்கவே கூடாது என்று சொல்வீர்களா? தியேட்டரில் ஒரு நோயாளி கைவிட்டுப் போனால் அடுத்த நாள் நீங்கள் கை கழுவிக்கொண்டு உள்ளே போகாமலா இருப்பீர்கள்?

பத்துப் பன்னிரண்டு வருடப் படிப்பு வீணாகிறது என்ற கணக்குக்கெல்லாம் நான் பதில் சொல்லப் போவதில்லை. படிப்பு எங்கேயும் போகாது.

உங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிப்பை முடியுங்கள், அதைப் பாதியில் விடாதீர்கள். அதுவரை உங்கள் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு உடைந்து வருகிற குழந்தைகள் எத்தனை மணி நேரம் கழித்து வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து, நடுவில் எந்த ஆஸ்பத்திரி எதற்காகத் திருப்பி அனுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அதிலிருந்து ஒரு பக்கம் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்