தரம் 7, 8 பிள்ளைகளுக்கு என்ன நாவல் கொடுக்கலாம்?

தரம் 7 படிக்கும் மகன் பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை, எந்த நாவலில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடொல் தூவ’வைக் கொடுங்கள். 1947இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. குறும்புக்காரன் உபாலி வீட்டை விட்டு ஓடி, தோழன் ஜின்னாவோடு ஆளில்லாத தீவொன்றில் காடு வெட்டிப் பயிர் செய்து பிழைக்கிற கதை. அந்த வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் மகள் 100ஆம் இலக்க பஸ்ஸில் இதைப் படித்துக்கொண்டு வந்தவள், பம்பலப்பிட்டியில் இறங்கிய பிறகும் பக்கத்துக்குள் விரலை வைத்தபடியே நடந்தாள்.

அப்புறம், கிரிக்கெட் பைத்தியம் என்றால் ஆர்.கே. நாராயணின் ‘Swami and Friends’, சுவாமி என்ற பையனின் கதை. பையன்கள் தாங்களாகவே ஒரு அணி சேர்க்கும் பகுதி அவனை நிச்சயம் பிடித்துக்கொள்ளும்.

‘பொன்னியின் செல்வ’னை எல்லோரும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். ஐந்து பாகம், பிள்ளை மிரண்டுவிடும். சரி, வீட்டில் இருந்தால் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். கதை தம்புள்ளைக்கும் அநுராதபுரத்துக்கும் வரும் என்பதையும் சொல்லிவையுங்கள், மிச்சத்தை அவனே கேட்பான்.