நூறு ரூபாயில் ஊருக்கு எவ்வளவு?

கேள்வி: கானாவில் தங்கத்தை வெட்டி வெட்டி எடுக்கிறார்கள், சுரங்கத்தை ஒட்டிய ஊர்களோ அப்படியே கிடக்கின்றன. சுரங்கத்தால் உள்ளூருக்கு நன்மை என்பதெல்லாம் கம்பெனிகள் விடும் கதைதானே?
– வாசகர், சேலம்

பதில்: கம்பெனியை மட்டும் திட்டினால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். 2010-இல் கானா அரசு ராயல்டியை (கனிமம் எடுப்பதற்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் பங்கை) 5 சதவீதமாக்கியது. அந்த விகிதத்தில் 2000-க்குத் தங்கம் விற்றால் ராயல்டி 100. (அவர்கள் நாணயத்தின் பெயர் செடி, நமக்கு ரூபாய் என்றே இருக்கட்டும்.) அதில் 80 தலைநகர் அக்ராவில் இருக்கும் மத்திய அரசின் கைக்குப் போகிறது. மீதி 20 கனிம வளர்ச்சி நிதிக்கு. அதில் பாதி, அதாவது 10, பாரம்பரிய நிலங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு வருகிறது. அலுவலகச் செலவுக்கு 1 போக, மாவட்ட மன்றத்துக்கு 4.95, ஊரின் பாரம்பரியத் தலைவரின் பீடத்துக்கு 2.25, அத்தகைய தலைவர்கள் கூடும் பாரம்பரிய மன்றத்துக்கு 1.80. அங்கே தலைமைப் பதவியின் அடையாளமே ஒரு மரப் பீடம்தான். அந்த 2.25 பீடத்தின் மரியாதைக்கேற்ற பராமரிப்புக்கு என்று அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. குழி தோண்டப்பட்ட ஊர்க்காரர் அதில் கணக்கு கேட்டுப் பார்க்கட்டும்!

ஆக, ராயல்டியை நம்பி ஊர் உருப்படாது. கம்பெனியுடன் ஊர் போடும் தனி ஒப்பந்தம் வேண்டும். கானாவின் அஹாஃபோ சுரங்கப் பகுதியில் நியூமான்ட் என்ற அமெரிக்கத் தங்கக் கம்பெனியுடன் 2008-இல் அப்படி ஒன்று போட்டார்கள்: விற்கும் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் 1 டாலர், வரிக்கு முந்தைய லாபத்தில் 1 சதவீதம். இரண்டையும் சேர்த்தது புத்திசாலித்தனம். லாபம் என்பது கணக்கர் கையில் இருக்கும் சமாச்சாரம். தேய்மானம், தாய்க் கம்பெனியிடம் வாங்கிய கடனுக்கு வட்டி என்று கழித்தால் சில வருடம் பூஜ்யமே வரும். அவுன்ஸ் கணக்கை அப்படி மறைக்க முடியாது. ஆனால் தங்கம் விலை ஏறினாலும் அந்த 1 டாலர் ஏறாது. விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று எழுதுவதே மேல்.

வேலை? பெரிய திறந்தவெளிச் சுரங்கத்தில் ஆட்கள் கூட்டமாகத் தேவைப்படுவது கட்டுமானக் காலத்தில்தான். அப்புறம் இயந்திரம். நிலைத்த வருமானம் சுரங்கத்துக்குச் சரக்குக் கொடுப்பதில் இருக்கிறது: முட்டை, காய்கறி, சீருடை, வேன். இதிலும் ஒரு பொறி உண்டு. பில் பணத்தை 60 நாள் கழித்துக் கொடுத்தால் முட்டை சப்ளை செய்யும் பெண்மணி அதற்குள் தீவனக் கடனில் மூழ்கிவிடுவார். ஆர்டர் தலைநகரத்து மொத்த வியாபாரிக்குப் போய்விடும். சிறு வியாபாரிக்கு 10 நாளில் பணம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

குழியை மூடும் செலவுக்கு முன்கூட்டியே ஈட்டுத்தொகை வைக்கச் சொன்னது கானாவின் 1999 விதி. குழி அகல அகல அந்தத் தொகையையும் கூட்டாவிட்டால் கடைசியில் மிஞ்சுவது தண்ணீர் நிற்கும் பள்ளம்.

கானாவை விடுங்கள், சேலத்துக்கு வாருங்கள். 2015 சுரங்கச் சட்டத் திருத்தப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. பெருங்கனிமம் (மணல், ஜல்லி போன்ற சிறு கனிமம் அல்லாதது) என்றால், அந்த வருடம் ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகைக்கு ராயல்டியில் 30 சதவீதமும், பிறகு ஏலத்தில் போனதற்கு 10 சதவீதமும், ராயல்டிக்கு மேல் தனியாக அதில் கட்ட வேண்டும். எவ்வளவு வந்தது, எந்தக் கிராமத்தில் எதற்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறக்க வேண்டாம்.