கடலைத் தாண்டியது ரயிலல்ல, டிக்கெட்

கேள்வி: ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு நேராக ரயில் ஓடியதாம். தனுஷ்கோடியிலிருந்து கடல்மேல் பாலம் இருந்ததாகவும், 1964 புயலில் அது போய்விட்டதாகவும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அந்தப் பாலத்தை மறுபடி கட்ட அரசுக்கு ஏன் மனமில்லை?
- ஒரு வாசகர், மானாமதுரை

பதில்: இல்லாத பாலத்தை எந்த அரசாலும் மறுபடி கட்ட முடியாது. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் பாலம் மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைத்தது, அவ்வளவுதான். தனுஷ்கோடிக்கு அப்பால் தலைமன்னார் வரை இருந்தது கடல். மணல் திட்டுகளின் மேல் தண்டவாளம் போடலாமா என்று வெள்ளைக்காரர்கள் யோசித்தது உண்மை. செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். போட்டிருந்தாலும் நம் ரயில் கொழும்புக்குப் போயிருக்காது. இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். இலங்கையில் பிராட் கேஜ், 1,676.

கடலைத் தாண்டியது டிக்கெட். எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை செல்லும். தனுஷ்கோடியில் ரயில் கப்பல் துறைக்கே வந்து நிற்கும். இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, எதிரே நிற்கும் கப்பலில் ஏற வேண்டியதுதான். சுமார் 22 மைல் கடல், இரண்டு மணி நேரம் போலப் பயணம். தலைமன்னார் துறையில் இலங்கை ரயில் காத்திருக்கும். கப்பலும் சவுத் இந்தியன் ரயில்வேயுடையதுதான். ஹார்டிங், கர்சன், எல்ஜின், பிறகு இர்வின், கோஷன் என்று பெயரெல்லாம் துரைமார் பெயர். சுதந்திரம் வந்த பிறகும் யாருக்கும் மாற்றத் தோன்றவில்லை போலிருக்கிறது.

ரயில்வேக்கு எதற்குக் கப்பல் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகள் அதை எப்போதோ தொடங்கிவிட்டன. ஃபோக்ஸ்டன் துறைமுகத்தை 1843-லேயே ஒரு ரயில் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஹார்விச்சில் இன்னொரு கம்பெனி கட்டிய துறைக்கு அதன் தலைவர் பெயரையே வைத்தார்கள். தண்டவாளம் முடிகிற இடத்தில் பயணியை இன்னொருவன் கப்பலுக்கு ஏன் தாரை வார்க்க வேண்டும்?

இங்கே 1914 வரை அப்படித்தான் நடந்தது. கொழும்புக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுபோன ‘போட் மெயில்’ ரயில் அன்று தூத்துக்குடிக்குப் போனது. அங்கே கரையோரம் ஆழமில்லை. பல மைல் தள்ளி நிற்கும் கப்பலுக்குப் படகில் போய் ஏறி, ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து கொழும்பு சேர வேண்டும். அந்தத் தடம் பிரிட்டிஷ் இந்தியா நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் விட்டு மோதியது இதே தடத்தில்தான்.

ஒரே டிக்கெட், ஜாலியான பயணம் என்று பழைய படங்களைப் போட்டு உருகுகிறார்களே, அது மேல் வகுப்புப் பயணியின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி (ஆள் சேர்ப்பவர்) கூட்டிப் போன ஜனங்களுக்கு மண்டபத்தில் ஒரு கேம்ப் இருந்தது. நடத்தியது இலங்கை அரசு. காலராவோ அம்மையோ இல்லை என்று தெரியும் வரை அங்கே அடைத்து வைத்துவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். ஆளுக்கொரு டிக்கெட் எடுத்து ஊர் சுற்றப் போனவர்களைவிட, இப்படிப் போனவர்களை நம்பித்தான் இந்தத் தடமே ஓடியது என்பது என் கணிப்பு.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலோடு போனது. ரயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல் பலி. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் போயின. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் (ஆமாம், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர்தான்) 46 நாளில் அதைச் சரிசெய்தார். அதே ரயில்வே தனுஷ்கோடிப் பாதையைத் தொடவில்லை. ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாம் அந்தத் துறைக்காக வந்தவை. துறை போனதும் ஊருக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகியிருந்தது. கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் அதே கடல்வழியே வந்து, அதே மண்டபம் கேம்ப்பில் இறங்கினார்கள். 1980களில் இலங்கைச் சண்டை முற்றியதும் கப்பல் நின்றது.

சரி, இன்றைக்கு வருவோம். போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை 2015-ல் மறுபடி திறந்தது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இரண்டு பக்கமும் இப்போது பிராட் கேஜ். நடுவில் இல்லாதது கப்பல் மட்டும். ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலை மறுபடி விட முயல்வதாக 2024 டிசம்பரில் இரு நாடுகளும் கூட்டறிக்கையில் சொல்லியிருக்கின்றன. மனுப் போடுவதென்றால் அதற்குப் போடுங்கள். ரயில் டிக்கெட்டோடு சேர்த்துக் கேளுங்கள். 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு என்று ஒரு கப்பல் விட்டு, சில மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். 2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலுக்கும் கப்பல் டிக்கெட் தனி, ரயில் டிக்கெட் தனிதான்.