ஆஃபர்ல வர்ற ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிய வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வீட்ல ஹிப்ஹாப் பீட் போட்டுட்டு இருக்கேன், எஃப்எல் ஸ்டூடியோன்னு பாட்டு பண்ற சாஃப்ட்வேரோட ட்ரையல்தான், லேப்டாப் 8 ஜிபி ரேம். வயலின், செல்லோ எல்லாம் வச்சு கேக்குறவங்க கண்ணு கலங்குற மாதிரி வேணும், ஆனா நான் வாசிச்சா பழைய ஃபோன் ரிங்டோன் மாதிரிதான் வருது. ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி, அதான் நிஜ வாத்தியங்கள ரெக்கார்ட் பண்ணி நம்ம கீபோர்ட்ல வாசிக்க தர்ற சத்தத் தொகுப்பு, பாதி விலைக்கு போட்ருக்காங்க, இன்னும் 2 நாள்தான். வாங்கிடவா?

பதில்: வேணாம் தம்பி. அந்த ஆஃபர் திரும்ப வரும், இவங்க கடையில வருஷம் பூரா ஆடித் தள்ளுபடிதான். நானும் இப்படித்தான் ஒரு தடவ அவசரப்பட்டு ஒண்ணு வாங்கி, ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டு, காலைல வாசிச்சா 15 நிமிஷத்துல சத்தம் நின்னு போச்சு. அது கான்டாக்ட்ங்கற சாஃப்ட்வேரோட காசு குடுத்து வாங்குற முழு வெர்ஷன்ல மட்டும் ஓடுற லைப்ரரியாம், இலவச கான்டாக்ட் ப்ளேயர்ல போட்டா டெமோ மாதிரி 15 நிமிஷம்தான், அத விக்கிறவங்க பக்கத்துல அடியில பொடி எழுத்துல போட்டிருந்தாங்க. சீரியல் நம்பர் ஆக்டிவேட் ஆயிடுச்சு, காசு திரும்ப வராதுன்னுட்டாங்க. அதனால எத வாங்கினாலும் மொதல்ல எதுல ஓடும், எவ்ளோ ரேம் வேணும்னு பாருங்க, 8 ஜிபில பெரிய லைப்ரரி மூச்சு திணறும்.

உங்க பிரச்சனை லைப்ரரியே இல்லன்னு நெனைக்கிறேன். நிஜ வயலின்காரர் ஒரு நோட்டுக்குள்ளயே வில்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துவாரு, நீங்க கீய அமுக்கிட்டு சும்மா இருக்கீங்க. அந்த ஏத்த இறக்கத்த குடுக்கறது கீபோர்ட் ஓரத்துல இருக்குற மாடுலேஷன் வீல்ங்கற உருட்டு சக்கரம். அதனால காசு இருந்தா வீல் வச்ச 49 கீ மிடி கீபோர்ட், அதான் கம்ப்யூட்டர்ல மாட்டி வாசிக்கறது, வாங்குங்க. சில குட்டி 25 கீ மாடல்ல வீலுக்கு பதிலா ஜாய்ஸ்டிக் இருக்கும், விரல எடுத்தா நடுவுக்கு ஓடிடும், பாதி அழுத்தத்துல அப்படியே நிறுத்தி வைக்க முடியாது, ஸ்ட்ரிங்ஸுக்கு அது தலைவலி. 88 கீ எல்லாம் பியானோ நல்லா வாசிக்கிறவங்களுக்கு.

சத்தத்துக்கு ஸ்பிட்ஃபயர்ங்கற கம்பெனியோட பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர்ங்கற லைப்ரரி இலவசமாவே இருக்கு, சுமார் 200 எம்பிதான், உங்க லேப்டாப்புக்கு தாராளம். செல்லோவ ஒரு தனி ட்ராக்ல வீல மெதுவா ஏத்தி வாசிச்சு பாருங்க. இன்னொண்ணு, நீளமா இழுக்குற ஸ்ட்ரிங்ஸ் சத்தம் கொஞ்சம் லேட்டாதான் எழும்பும், ஸ்க்ரீன்ல தாளக் கட்டத்துல சரியா வச்சாலும் டிரம்முக்கு பின்னாடி தொங்குற மாதிரி இருக்கும், நோட்ட கொஞ்சம் முன்னாடி இழுத்து விடுங்க.

மிச்ச காசுக்கு எஃப்எல்ல வாங்கிடுங்க, ட்ரையல்ல சேவ் பண்ணத திரும்ப திறக்க முடியாதுல்ல. குரல் ரெக்கார்ட் பண்ணணும்னா அதோட விலை கம்மியான ஃப்ரூட்டி எடிஷன் பத்தாது, ப்ரொட்யூசர் எடிஷன்தான், ஆனா ஒரு தடவ வாங்கினா அப்டேட் காலத்துக்கும் இலவசம். ஸ்பீக்கர் இப்போ வேண்டாம், வெறும் சுவர் ரூம்ல பேஸ் சத்தம் கூடக்குறைய கேட்டு பொய் சொல்லும், நல்ல ஹெட்ஃபோன் போதும்.

கேள்வி: பீத்தோவன் சிம்ஃபனிக்கு காப்பிரைட் இல்லன்னு சொல்றாங்களே, யூடியூப்ல இருந்து வெட்டி பீட்ல போட்டுக்கலாமா?

பதில்: அவர் 1827லயே போயிட்டாரு, அந்த ஸ்வரங்கள யார் வேணா எடுத்துக்கலாம், ஆனா நீங்க வெட்டுறது வேற ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச ரெக்கார்டிங், அதோட உரிமை தனி. அதே மெட்ட நீங்களே மிடி கீபோர்ட்ல வாசிச்சுக்கோங்க, பிரச்சனையே இல்ல. ராயல்டி ஃப்ரீ லூப், அதான் ஒரு தடவ வாங்கினா மறுபடி உரிமத் தொகை கேக்காத ரெடிமேட் இசைத் துண்டு, காசு குடுத்து வாங்கினாலும் அப்படியே போடாதீங்க, அதே லூப்ப வாங்கின வேற ஒருத்தர் முந்தி பாட்டு ரிலீஸ் பண்ணிருந்தா உங்க வீடியோ மேல காப்பிரைட் க்ளெய்ம் வரலாம், வாங்கின ரசீதும் லைசென்ஸ் பக்கமும் எடுத்து வச்சுக்கோங்க.