மகளோடு நடப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 22 வயது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறாள். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதுவரை தினமும் மாலையில் கொஞ்ச தூரம் சேர்ந்து நடக்கலாமா என்று கேட்டேன், சம்மதித்தாள். முதல் நாள் பணம் சேர்ப்பது, தனியாக இருக்கும்போது கவனமாக இருப்பது என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். "சரிப்பா, சரிப்பா" என்றவள் பாதி வழியில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். மறுநாள் நான் வாயே திறக்கவில்லை. அவளும் பேசவில்லை. அவளிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது? அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் சரியாகுமா?

– ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாம் நாள் வீணாகிவிட்டது என்ற வருத்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ முதல் நாளைவிட அதுதான் நன்றாகப் போயிருக்கிறது என்று தோன்றுகிறது. பேச்சில்லாமல் வந்தாலும் அவள் கடைசிவரை உங்களோடு நடந்திருக்கிறாள்.

பத்து மொழிகளில் மக்கள் பேசிக்கொள்வதை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஒருவர் கேள்வியை முடித்ததும் மற்றவர் பதில் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்த வேகத்துக்குப் பழகிவிட்டதால், வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது பதில் மூன்று நொடி தாமதித்தாலே என்ன கோபமோ என்று நினைத்துவிடுகிறோம். நடக்கும்போது அந்த நெருக்கடி இல்லை. கண் பாதையில் இருக்கிறது, காலுக்கு வேலை இருக்கிறது. நீங்கள் கேட்டதற்குப் பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தாலும் உறுத்தாது. அந்தப் பத்து நிமிடத்தை அவளுக்குக் கொடுங்கள்.

என் மகன் வெளியூர் கிளம்புவதற்கு முன்னால் நாங்களும் இப்படி நடந்தோம். பல நாள் ஒன்றுமே பேசியதில்லை. ஒரு மாலை அவன் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "அங்க எனக்குப் பிடிக்கலன்னா என்னப்பா பண்றது?" என்றான். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டான். "எல்லாம் பிடிச்சுப்போகும்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "எது பிடிக்காமப் போகும்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். வீடு வந்து சேரும்வரை அவன்தான் பேசினான். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது.

பணம், பாதுகாப்பு, சான்றிதழ்கள், மருத்துவக் காப்பீடு எல்லாம் அவசியமான விஷயங்கள்தான். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேவைப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாள். எழுதிக் கொடுக்கமுடிகிற எதையும் நடையில் பேசவேண்டாம் என்பேன். உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கேள்விகளைக் கேளுங்கள். வேலை முடிந்த பிறகான மாலைகளை என்ன செய்யப்போகிறாள்? யாரைப் பிரிவது அவளுக்குக் கஷ்டம்? நம் வீட்டு வழக்கங்களில் எதை அங்கே தொடரமாட்டாள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் கொஞ்சம் வலிக்கலாம். விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் 22 வயதைப் பற்றிச் சொல்லுங்கள். ஜெயித்த கதை வேண்டாம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நாட்களைச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பா என்றால் முடிவு தெரிந்த மனிதர். அவரும் ஒரு காலத்தில் திகைத்து நின்றார் என்று தெரிந்தால், தன் திகைப்பை அவரிடம் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

வேகத்தையும் வழியையும் அவளிடம் விட்டுவிடுங்கள். சின்ன வயதில் உங்கள் ஓரடிக்கு மூன்றடி வைத்து ஓடிவந்தவள் அல்லவா? சேர்ந்து நடக்கும் இருவரின் அடிகள் பல சமயம் அவர்கள் அறியாமலே ஒன்றாக விழத் தொடங்குவதையும், கைகோத்து நடந்தால் அது கூடுவதையும் 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. உடற்பயிற்சிக்கு மருத்துவர்கள் ஓர் அளவு சொல்வார்கள்: நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. உங்கள் நடைக்கு அந்த வேகம்கூடத் தேவையில்லை. அழகான இடத்தையும் தேட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனைகளில் (2014-ல் வெளியானவை), வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கே உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகம் புது யோசனைகள் வந்தன. தினமும் போகிற தெருவே போதும்.

இயர்போனுக்காக முகம் சுளிக்காதீர்கள். "என்ன கேட்கிற?" என்று ஒரு காதுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்த பாட்டிலிருந்து தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும்.

எவ்வளவோ சொல்ல இருக்கிறது என்கிறீர்கள். அதில் முக்கியமானது ஒன்றோ இரண்டோ இருக்கும். "உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது" என்பதாக இருக்கலாம், "நீ போவது எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதாகவும் இருக்கலாம். அதைக் கடைசி நாளுக்கு என்று வைத்திருக்காதீர்கள். கடைசி நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். இந்த வாரமே சொல்லிவிட்டால், அவள் அதை யோசித்துப் பார்க்கவும் திருப்பி ஏதாவது சொல்லவும் இன்னும் நாட்கள் இருக்கும்.

அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று பேர் நடந்தால் இருவர் பேசுவார்கள், ஒருவர் பின்னால் வருவார். அம்மாவும் மகளும் தனியாக ஒரு நாள் போகட்டும். அவர்களுக்குள் பேச வேண்டியது வேறு. திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் என்று இருவரிடமும் கேட்காதீர்கள்.