அம்மாவின் கட்டியில் இரண்டு புரதம் இல்லையாம். பிள்ளைகள் நாங்களும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 73 வயது. பெருங்குடலின் வலது பக்கத்தில் இருந்த புற்றுக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 காணப்படவில்லை, மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறது. இவை டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் புரதங்கள் என்று படித்தேன். ஒரு டெஸ்ட் ஏஜென்ட், “இரண்டு புரதம் போயிருக்கிறது என்றால் பரம்பரைதான், குடும்பம் மொத்தமும் முழு ஜீனோம் (டி.என்.ஏ. மொத்தத்தையும் படிக்கும்) பேக்கேஜ் எடுத்துவிடுங்கள்” என்கிறார். டி.என்.ஏ. ரிப்பேர் கேப்சூலும் தருகிறாராம். தம்பியின் 4 வயது மகனைக்கூடப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். எடுக்கலாமா?

பதில்: பேக்கேஜில் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகள் யாரும் இப்போது ரத்தம் கொடுக்க வேண்டாம். அம்மாவின் கட்டியிலேயே இன்னும் டெஸ்ட் பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் பரம்பரை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏன் என்று புரிய, இந்தப் புரதங்களின் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கிறது. தாய் வழியில் வந்தது 300 கோடி எழுத்து, தந்தை வழியில் இன்னொரு 300 கோடி. இந்த 600 கோடி எழுத்தையும் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் எழுதி முடிக்கிறது. எழுதுகிற என்சைமுக்குப் பாலிமரேஸ் என்று பெயர். லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதன் கை தவறுகிறது என்று வையுங்கள். ஒரு நகலுக்கு 60,000 பிழை. எழுதும்போதே அது தன் பிழையை உணர்ந்து, தப்பான எழுத்தை அழித்து மறுபடி எழுதுகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகிவிடும். மிச்சம் 600. இந்த 600-ஐப் பிடிப்பதற்கென்று பின்னாலேயே ஒரு திருத்தக் குழு வருகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு பேரும் அந்தக் குழுவில் இருப்பவர்கள். அவர்கள் வேலை முடிந்த பிறகு தங்குவது விரல் விட்டு எண்ணும் அளவுதான். இந்தத் திருத்த வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியதற்காகத்தான் பால் மாட்ரிச் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

திருத்தக் குழு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஒரு இடத்தைப் பார்ப்போம். டி.ஜி.எஃப்.பி.ஆர்.2 என்று ஒரு மரபணு. ‘பிரிந்தது போதும், நிறுத்து’ என்று வெளியிலிருந்து வரும் கட்டளையை செல்லுக்கு வாங்கித் தருவது அதன் வேலை. அதில் ஓரிடத்தில் ‘ஏ’ என்ற எழுத்து பத்து முறை தொடர்ந்து வருகிறது. ஒரே எழுத்தைப் பத்து முறை பார்த்து எழுதும்போது நமக்கே எண்ணிக்கை தவறும் இல்லையா? பாலிமரேஸும் அங்கே வழுக்கி ஒன்பதோடு நிறுத்திவிடும். குழு இருந்தால் உடனே பிடித்துவிடும். இல்லாவிட்டால் ஒரு எழுத்து குறைந்த நகல் அப்படியே நின்றுவிடும். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்க வேண்டும் என்பதால், ஒன்று குறைந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் உளறல். ‘நிறுத்து’ என்ற கட்டளை செல்லுக்குப் போய்ச் சேராது. உங்கள் அம்மாவுக்கு வந்த வகைக் கட்டிகளில் இந்த இடம் பழுதாகியிருப்பது மிகச் சாதாரணம்.

இனி ஏஜென்ட் சொன்ன ‘இரண்டு புரதம் போயிருக்கிறது’ என்பதற்கு வருவோம். இரண்டு பழுது இல்லை, ஒன்றுதான். பி.எம்.எஸ்.2 தனியாக நிற்காது, எம்.எல்.எச்.1-ஐப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். துணை போனால் அதையும் செல் சிதைத்துவிடும். அதனால் எம்.எல்.எச்.1 இல்லாத கட்டியில் இரண்டுமே தெரியாது. இது இந்தத் துறையில் அரிச்சுவடிப் பாடம். தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, அந்த இரண்டை வைத்துத்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்.

அடுத்ததுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். எம்.எல்.எச்.1 காணாமல் போக முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, அதை உருவாக்கும் மரபணுவின் எழுத்திலேயே பிறவிப் பிழை. அதுதான் பரம்பரை, லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள். இன்னொன்றில் எழுத்து எல்லாம் சரியாகவே இருக்கும். வயதாக ஆக, குடலின் ஏதோ ஒரு செல்லில் அந்த மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்க முடியாமல் செய்துவிடும். புத்தகம் பத்திரமாக இருக்கிறது, அலமாரியைத்தான் பூட்டிவிட்டார்கள். இது அந்தக் கட்டியில் மட்டும் நடந்தது, பிள்ளைகளுக்கு வராது. பெருங்குடல் புற்றுநோய்களில் நூற்றுக்குச் சுமார் 15-இல் திருத்தக் குழு செயலிழந்திருக்கும். அந்த 15-இல் ஏறக்குறைய 12 இந்தப் பூட்டு வகை, 3 தான் பரம்பரை. வயது எழுபதைத் தாண்டியவர், பெண், வலது பக்கக் கட்டி, எம்.எல்.எச்.1 இல்லை: இத்தனையும் சேர்ந்தால் பூட்டு வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கக் கட்டியில் இரண்டு டெஸ்ட் உண்டு. முதலாவது, பிராஃப் என்ற இன்னொரு மரபணுவைப் பார்க்கும் டெஸ்ட். அதில் ‘வி600இ’ என்ற மாற்றம் இருந்தால் பரம்பரை இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பிராஃப் மாற்றம் இல்லை என்று வந்தால் பரம்பரை என்று அர்த்தம் இல்லை. பூட்டு வகைக் கட்டிகளிலேயே கணிசமானவற்றில் அந்த மாற்றம் இருக்காது. அப்போது இரண்டாவது டெஸ்ட்டான எம்.எல்.எச்.1 மெத்திலேஷன், அதாவது அந்த மெத்தில் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பிராஃப் நெகட்டிவ்’ என்ற ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு மூன்று தலைமுறையே முடிந்துபோனது என்று அழுதுகொண்டு என்னிடம் வந்த குடும்பம் உண்டு. மெத்திலேஷன் பார்த்தோம், இருந்தது. அந்த ஆறு மாதம் அவர்கள் தூங்காமல் இருந்ததற்கு ஒரு அவசியமும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எம்.எல்.எச்.1 இல்லை என்று எழுதும் லேப், அதே மூச்சில் இந்த டெஸ்ட்டுகளையும் செய்து அனுப்ப வேண்டும். யாரும் கேட்கக் காத்திருக்கக் கூடாது. ‘மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். சர்ஜன் அதைத் தன் வேலை இல்லை என்று நினைக்கிறார். கீமோ டாக்டருக்கு நேரம் இல்லை. யாருமே விளக்காத அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வந்து உட்காருகிறார்.

அவர் விற்கும் பேக்கேஜின் கோளாறு என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். நோய் வந்தவரை விட்டுவிட்டு நோய் இல்லாத பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். உங்களுக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், குடும்பத்தில் பிழையே இல்லை என்பதாலா, இருந்தும் உங்களுக்கு வரவில்லை என்பதாலா என்று சொல்ல முடியாது. போதாததற்கு, முழு ஜீனோமைத் துழாவினால் ‘நல்லதா கெட்டதா தெரியவில்லை’ என்ற வகை மாற்றங்கள் எல்லோருக்கும் நிறைய வரும். அதைக் காட்டி அடுத்த டெஸ்ட்டை விற்பார்கள். டெலோமியர் (குரோமோசோமின் முனை) நீளத்தை அளந்து உடம்பின் வயது சொல்கிறேன் என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்திருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கேப்சூலைப் பற்றி: திருத்தக் குழு வேலை செய்வது ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்குள். வாயில் போடும் புரதத்தை வயிறும் குடலும் துண்டு துண்டாக ஜீரணித்துவிடும். எம்.எல்.எச்.1-ஐ நாம் விழுங்கி உள்ளே அனுப்ப முடியாது. உங்கள் அம்மா சிகிச்சையில் இருக்கும்போது, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, மெத்திலேஷன் இருந்தால்? நீங்களும் தம்பியும் மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டாம். அம்மாவுக்குக் குடல் புற்று இருந்தது என்று உங்கள் டாக்டரிடம் சொல்லி, கொலோனோஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) எப்போது என்று கேட்டு வையுங்கள்.

மெத்திலேஷன் இல்லாவிட்டால் அம்மாவின் ரத்தத்தில் திருத்தக் குழுவின் மரபணுக்களைச் சோதிக்க வேண்டும். பிழை கிடைத்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்புறம் உங்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இருக்கிறது, இல்லை என்று நேரான பதில் கிடைக்கும். இருந்தாலும் உங்கள் டி.என்.ஏ. கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னொரு பெற்றோரிடமிருந்து வந்த நல்ல பிரதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதுவும் ஏதாவது ஒரு செல்லில் பழுதாகும்போதுதான் ஆபத்து. அதனால்தான் இந்தப் பிழை உள்ளவர்களை 20–25 வயதிலிருந்தே, ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கொலோனோஸ்கோபிக்கு வரச் சொல்கிறோம். பெண்களுக்குக் கருப்பையையும் கவனிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, அம்மாவுக்காக. இந்த வகைக் கட்டியில் பிழைகள் மலிந்திருப்பதால் நோய் எதிர்ப்பு செல்கள் அதை அந்நியமாக அடையாளம் காண்பது எளிது. எந்த உறுப்பில் வந்த கட்டி என்று பார்க்காமல், இந்த ஒரு குணத்தை மட்டும் வைத்து அந்த நோய் எதிர்ப்பு செல்களை முடுக்கிவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் அனுமதி கொடுத்தது. பூட்டு வகையோ பரம்பரையோ, இரண்டுக்கும் இது பொருந்தும். அம்மாவுக்கு இப்போது தேவையா என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது. ரிப்போர்ட்டின் அந்த வரியைக் கீமோ டாக்டருக்கு விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள்.

தம்பி மகனுக்கு எதுவும் வேண்டாம். பரம்பரை என்றே உறுதியானாலும், முதலில் தம்பிக்கு இருக்கிறதா என்று பார்ப்போம்; குழந்தை வளர்ந்து பெரியவனானதும் தானே முடிவு செய்துகொள்ளட்டும். நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவுக்குப் போய், ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணைச் சொல்லி, “அம்மாவின் பிளாக் வேண்டும், பிராஃபும் எம்.எல்.எச்.1 மெத்திலேஷனும் பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள். கட்டியின் துண்டை மெழுகில் பதித்து அங்கே வைத்திருப்பார்கள். அம்மாவை மறுபடி ஊசிக்கோ கத்திக்கோ கூட்டிப்போக வேண்டியதில்லை.